உடற்பருமனும் ஒரு கிலோ பருப்பும்

'எடையைக் குறையுங்கள்' என்னும் அறிவுரையை மருத்துவமனைக்கு வருவோரில் பலர் ஒருமுறையேனும் கேட்டிருப்பர். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மூட்டு வலி, கல்லீரலில் கொழுப்பு, மாதவிடாய்க் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடை என எதற்காக வந்திருந்தாலும் மருந்துச் சீட்டின் அடியில் அந்த ஒரு வரி இடம்பெற்றுவிடுகிறது. எழுதுபவருக்கு அது மருத்துவ உண்மை. படிப்பவருக்கோ பெரும்பாலும் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. நாவை அடக்கத் தெரியாதவர், உடல் வணங்காதவர் என்று தம்மைச் சொல்லிவிட்டார்களோ என எண்ணி, அடுத்த முறை எடைப்பொறியில் ஏறவே கூசுவோர் உளர். உடன்வந்த குடும்பத்தார் 'சொன்னால் கேட்பதே இல்லை' என்று மருத்துவர் முன்னிலையில் முறையிடும்போது அக்கூச்சம் இருமடங்காகிறது.

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் குறைவு என்பதே இக்கட்டுரையின் கருத்து. உணவில் கட்டுப்பாடு வேண்டாம் என்று வாதிடுவது இதன் நோக்கமன்று. தட்டில் எது விழுகிறது என்பதை உண்பவருடைய மனவுறுதியைக் காட்டிலும், எது மலிவாகவும் அருகிலும் கிடைக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அதை மாற்றாமல் நோயாளியை மட்டும் மாறச் சொல்வது, ஓட்டைக் குடத்தைத் தந்து நீர் சுமந்து வரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 2019-21இல் அது 40.4 விழுக்காடாயிற்று. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆக உயர்ந்தது. இந்திய அளவில் பெண்களில் 24 விழுக்காடு, ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காடு என்பதோடு ஒப்பிட்டால் நம் மாநிலம் எவ்வளவு முன்னே போய்விட்டது என்பது விளங்கும். ஐந்தாண்டுக்குள் தமிழ்ப் பெண்களில் பத்தில் ஒருவருக்குத் திடீரென மனவுறுதி தளர்ந்துவிட்டது என்று யாரேனும் நம்ப இயலுமா? மாறியது மனிதர் அல்லர். அவர்களைச் சுற்றியிருந்த கடையும் விலையும் வேலையும்தாம்.

அதே ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. அதே 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பத்தில் நால்வர் மிகை எடையினர்; பத்தில் ஐவருக்கு மேல் இரத்தசோகையர். இவ்விரு கூட்டமும் தனித்தனியானவை அல்ல. எடை மிகுந்து, அதே வேளையில் இரத்தம் குன்றிய தாய்மார் எத்தனையோ பேர் மருத்துவமனைகளின் வரிசையில் நிற்கின்றனர். வயிறு நிறைகிறது, உடல் பட்டினி கிடக்கிறது. உணவு மிகுந்ததால் மட்டுமே வந்த நோயாயின் இந்த முரண் எழாது.

நம் உடலமைப்பின் தன்மை ஒன்றையும் இங்கே கூறவேண்டும். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறைச் சுட்டெண். உலக அளவில் 25க்கு மேற்பட்டால் மிகை எடை என்பர். இந்தியருக்கோ 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 25இல் அது பருமனாகக் கொள்ளப்படுகிறது. 155 செ.மீ. உயரமுள்ள பெண் 55 கிலோவைத் தாண்டும்போதே விழிப்பு வேண்டும். 60 கிலோவில் அவர் 25ஐத் தொட்டுவிடுகிறார். புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டனர். இருவருக்கும் சுட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றுவோரும் தொப்பைக்குள் கொழுப்பைச் சுமக்கலாம் என்பதே அப்படத்தின் செய்தி. ஆதலால் எடைப்பொறி இல்லாதவர்கள் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளலாம். இடைச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இவ்வளவைத் தாண்டினால், எடை எவ்வளவாயினும் மருத்துவரைக் காண்பது நன்று.

இனி நம் ஊருக்கு வருவோம். கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சியின் சந்தை மளிகைச் சரக்குக்குப் பெயர்பெற்றது. மிளகும் சீரகமும் கடுகும் மல்லியும் வாங்க வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மலையில் விளைவது கீழே இறங்குவதும், கீழே பொட்டலமானவை மலைக்கு ஏறுவதும் இந்த அடிவாரத்தின் வழியாகத்தான். கடந்த அரை நூற்றாண்டில் இறங்கியது எது, ஏறியது எது என்று பார்த்தாலே நம் உடலில் நிகழ்ந்த மாற்றத்தின் கதை தெரிந்துவிடும்.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றைப் பயிரிட்டு வந்தவர்கள். சாமையில் மட்டுமே பல இரகங்கள் அவர்கள் கைவசம் இருந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே பணியாற்றி அவ்விரகங்களைத் தேடித் தொகுத்து, விதைகளைப் பேண உழவர்க்குத் துணைநின்றது. அப்பணி தேவைப்பட்டதற்குக் காரணம், சிறுதானிய வயல்கள் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தமையே. அவற்றின் இடத்தைப் பெருமளவில் பிடித்தது மரவள்ளி. நம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம்.

மரவள்ளி வந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றதால் சேலம் வட்டாரத்தில் சேகோ ஆலைகள் முளைத்தன. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் பணம். சாமைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் மகளின் திருமணத்திற்கும் பணம் வேண்டிய குடும்பம் கிழங்கைத் தேர்ந்ததில் தவறு காண எவருக்கும் உரிமை இல்லை.

பணத்தைப்போலவே வலுவான இன்னொரு காரணம் உரலும் உலக்கையும். சாமையின் உமி எளிதில் நீங்காது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண் எவ்வளவு நேரம் குத்திப் புடைக்கவேண்டும் என்பதை, 'பாட்டி காலத்து உணவுக்குத் திரும்புவோம்' என்று மேடையில் முழங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த உழைப்பு முழுவதும் பெண்ணின் தோளிலேயே விழுந்தது. நியாயவிலைக் கடையில் தீட்டிய அரிசி கிடைத்தவுடன் அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள், அது விடுதலை. சுவாமிநாதன் நிறுவனத்தாரும் இதை உணர்ந்தே சிற்றூர்களில் உமி நீக்கும் பொறிகளை நிறுவினர். பொறி ஓடும் ஊரில்தான் சாமைச் சோறு அடுப்பேறும். பாரம்பரியப் பெருமையால் மட்டும் அது ஏறாது.

பலர் இங்கே இலவச அரிசியைக் குற்றஞ்சாட்டத் தொடங்குவர். 'அரசு அரிசியைக் கொட்டிக் கொடுத்து மக்களைப் பருமனாக்கிவிட்டது' என்ற பேச்சு படித்தவர் வீட்டுத் திண்ணைகளில் அடிக்கடி கேட்கிறது. அதை எண்ணால் சோதித்துப் பார்ப்போம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ எனக் கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுவோர்க்குத் தானியம் 250 கிராம் என்கிறது. ஆக, நியாயவிலைக் கடை தருவது அதில் மூன்றில் இரண்டு பங்கே. சர்க்கரை 2 கிலோ வாங்கினால் ஆளுக்கு நாளைக்கு 17 கிராம். உச்ச வரம்பாகிய 25 கிராமுக்குள் அதுவும் அடங்குகிறது. பாமாயில் ஒரு லிட்டர் என்பது ஆளுக்கு 8 மி.லி.; கொழுப்பின் தன்மை பற்றிக் குறை சொல்லலாமே அன்றி, அளவு மிகையன்று.

இனிப் பருப்பு. கிலோ 30 ரூபாய்க்குத் தரப்படும் துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். வழிகாட்டி சொல்வது 85 கிராம். பத்தில் ஒரு பங்கே நமக்குக் கிடைக்கிறது!

நம் தட்டின் நோய் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு விலையின்றித் தருகிறது. பருப்பில் பத்தில் ஒன்றைத்தான் மலிவாகத் தருகிறது. மீதியைச் சந்தை விலைக்கு வாங்கவேண்டிய கூலிக் குடும்பம் என்ன செய்யும்? குழம்பை நீர்க்க வைத்து, சோற்றைக் கூட்டும். பசி அடங்கும், இரண்டு மணி நேரத்தில் மீண்டும் எழும். அப்போது கையெட்டும் தொலைவில் இருப்பது ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களும், சர்க்கரை மிகுந்த தேநீரும், எண்ணெயில் பொரித்த வடையும் போண்டாவும். இதைப் பேராசை என்று சொல்வது அறியாமை.

ஆய்வாளரும் இதையே கூறுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் சர்க்கரைநோய் ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து 12 விழுக்காடே வருகிறது. மாவுச்சத்தில் சிறு பங்கைப் பருப்பின் புரதத்தாலோ பாலின் புரதத்தாலோ ஈடுசெய்தால் சர்க்கரை நோயின் இடர் குறைகிறது என்றும், அரிசிக்குப் பதிலாக அதே அளவு கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்பதால் மட்டும் அப்பயன் கிட்டுவதில்லை என்றும் அது கண்டது. கொல்லிமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. சாமையும் தினையும் நல்ல தானியங்களே; நார்ச்சத்து மிக்கவை; மானாவாரி நிலத்திற்கு ஏற்றவை. ஆயினும் அவை தானியங்களே. குவித்து உண்ட அரிசிச் சோற்றின் இடத்தில் சாமைச் சோற்றைக் குவித்து வைத்தால் இடை இளைக்காது. சிறுதானிய முறுக்கும், வெல்லப்பாகு வார்த்த தினை லட்டும் மருந்தென்று விற்கப்படுவது விற்பனைத் தந்திரம்.

கொள்ளின் செய்தியும் இத்தகையதே. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. கொள்ளுநீரைக் குடித்தால் கொழுப்பு கரைந்தோடும் என்று அதற்குப் பொருள்கொள்வது மிகை. எந்த நீரும் கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் மிகுந்த நார்ச்சத்தும் உள்ளன. கொள்ளுப் பருப்பைக் கடைந்து ஒரு கிண்ணம் உண்டவர் சோற்றைத் தானாகவே குறைத்துக்கொள்கிறார். பழமொழியின் உண்மை அதுவே. கொள்ளும் தட்டைப்பயறும் பச்சைப்பயறும் அவரையும் கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் நேற்றுவரை விளைந்தவை, இன்றும் விளையக்கூடியவை.

ஆகவே அரசுக்கு வைக்கவேண்டிய கோரிக்கை தெளிவானது. நியாயவிலைக் கடையில் பருப்பின் அளவு உயரவேண்டும். துவரையோடு கொள்ளும் பயறும் சேரவேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதே வழியில், விரும்பும் குடும்பங்களுக்கு அரிசியில் ஒரு பகுதிக்கு ஈடாகப் பயறு தரலாம். 'விரும்பும்' என்ற சொல் முதன்மையானது. நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவருக்கும், வளரும் பிள்ளைகள் நால்வர் உள்ள வீட்டிற்கும் அரிசியைக் கட்டாயமாகக் குறைப்பது கொடுமையாகும். பசியை ஒழித்த அத்திட்டத்தின் அடித்தளத்தில் கைவைக்கலாகாது.

செலவாகுமே என்பர். ஆகும், அரிசியைவிடப் பருப்பு விலை மிக்கது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கியது முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகளை அரசே வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறது. பாராட்டுக்குரிய பணி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மாத்திரைப் பையின் எடை கூடிக்கொண்டே போவதற்கும் பணம் வேண்டும் அல்லவா? பருப்புக்கு இன்று தரத் தயங்கும் பணத்தை நாளை இன்சுலினுக்கும் டயாலிசிசுக்கும் தந்தே ஆகவேண்டியிருக்கும்.

வரிக் கொள்கையிலும் இதே குழப்பம். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்தில் குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு வரி விதிக்கப்பட்டுள்ளது; நல்லது. அதே மாற்றத்தில் பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், காரவகைப் பொட்டலங்கள் ஆகியவற்றின் வரி 5 விழுக்காடாக இறங்கிவிட்டது. பொட்டலமிட்டு முத்திரையிட்ட துவரம்பருப்புக்கும் அதே 5 விழுக்காடுதான். பிஸ்கட்டும் பருப்பும் அரசின் கண்ணுக்கு ஒன்றே போலும்! அண்டை மாநிலமான கேரளம் 2016இல் பெருநிறுவன உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது. மறுஆண்டு நாடு முழுதும் ஒரே வரி வந்தபோது அது மறைந்தது. அந்த வரி பணக்காரர் தின்பண்டத்தை மட்டும் தொட்டது என்ற குறையும் அதில் இருந்தது.

பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடும் வழியும் உண்டு. தென்னமெரிக்காவின் சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. பள்ளிகளில் அவற்றை விற்கவும் தடை செய்தது. முத்திரை இடவேண்டிய இனிப்புப் பானங்களின் விற்பனை அங்கே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022இல் நட்சத்திரக் குறி என்ற திட்டத்தை முன்வைத்தது. நட்சத்திரம் என்றால் நம் மக்கள் சிறப்பென்றே கொள்வர். ஒரே ஒரு நட்சத்திரம் பெற்ற பண்டமும் ஏதோ பரிசு பெற்றதாகவே தோன்றும். எழுத்தறியாத மூதாட்டிக்கும் விளங்கும்படி ஓர் எச்சரிக்கைக் குறி போதும்.

பள்ளியைப் பற்றிச் சிறிது. நம் மாவட்டத்து முட்டை நாடெங்கும் போகிறது. சத்துணவில் 2010 முதல் வாரத்திற்கு ஐந்து நாள் முட்டை உண்டு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். இந்த ஒன்றில் தமிழ்நாட்டுக்கு ஈடில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் எத்தனையோ குழந்தைகளை வெறும் வயிற்றுடன் வகுப்பில் அமராமல் காத்துள்ளது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்ற அதன் பட்டியலில் பயற்றின் பங்கு இன்னும் கூடலாம். ஆனால் பள்ளி வாயிலைத் தாண்டினால் வேறு உலகம். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020இல் விதி வந்தது. நம் ஊர்ப் பள்ளிகளின் வாயிலில் நின்று அந்த ஐம்பது மீட்டரை யாரேனும் அளந்து பார்த்தால் நன்றாயிருக்கும். அதற்காக அங்கே பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் மூதாட்டியை விரட்டச் சொல்லவில்லை. அவர் சுண்டலும் வேகவைத்த நிலக்கடலையும் கொய்யாவும் விற்க வழிசெய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையர். இதைத் தீர்மானிக்க மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கல்வி என்றால் பள்ளிக்கூடம் மட்டும் என்று எண்ணிவிடுகிறோம். வீட்டிற்குள்ளேயே கற்கவேண்டியவை பல. வெளியூரிலிருந்து வந்த பிள்ளையைக் கண்டவுடன் 'இளைத்துப் போய்விட்டாயே' என்று வருந்துவது நம் அன்பின் மொழி. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே நலமுள்ள குழந்தை என்பது நம் பழைய நம்பிக்கை. பஞ்சம் கண்ட சமுதாயத்தில் அதற்குப் பொருள் இருந்தது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் பசித்தபின் அளவறிந்து உண்பதையே வலியுறுத்துகின்றன. மருந்தின் பெயரையே சொல்லாமல் மருந்தைச் சொன்ன அதிகாரம் அது. நாமோ விருந்தினர் போதும் என்று கையால் தட்டை மறைத்த பின்னும் ஒரு கரண்டி இட்டால்தான் மனநிறைவு கொள்கிறோம்.

சமையலில் பெரிய புரட்சி வேண்டாம். நம் பக்கத்து அரிசிபருப்புச் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு இடுவோம். அதை மூன்று பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு பருப்பாக்கி, கீரையோ சுரைக்காயோ சேர்த்துப் பாருங்கள். சுவை கெடாது. உண்ணும்போது காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்பதும் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறுவதைத் தடுக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்வோர், மருந்தின் அளவை மருத்துவர் சரிபார்க்காமல் சோற்றைத் திடீரெனக் குறைக்கலாகாது. தாழ்சர்க்கரை மயக்கம் நேரும்.

இம்மருத்துவமனைக்கு நோயாளியைக் காண வருவோர்க்கும் ஒரு வேண்டுகோள். வெறுங்கையோடு வரலாகாது என்பது நம் பண்பு. அதனால் கட்டிலருகே பிஸ்கட், ரொட்டி, இனிப்பிட்ட சத்துமாவு டப்பா, புட்டிப் பழச்சாறு ஆகியவை குவிகின்றன. நோயாளி உண்ணாவிட்டால் துணைக்கு இருப்பவர் உண்கிறார். அவருக்கும் சர்க்கரை இருக்கும். கொய்யாவோ, வேகவைத்த கடலையோ, ஒரு தூக்குப் போசியில் மோரோ கொண்டு வாருங்கள். நோயாளிக்குக் கொடுக்குமுன் செவிலியரிடம் ஒரு சொல் கேளுங்கள். மருத்துவமனை வளாகங்களின் சிற்றுண்டிக் கடைகளுக்கும் இது பொருந்தும். மேலே இனிப்பைக் குறையுங்கள் என்று எழுதிவிட்டுக் கீழே கேக்கை விற்பது எந்த மருத்துவமனைக்கும் அழகன்று.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி இப்போது பலர் கேட்கின்றனர். வாரம் ஒருமுறை போடும் அவ்வகை ஊசிகளில் புதியவை 2025 முதல் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. தகுந்தவர்க்கு அவை உண்மையாகவே பயன் தருகின்றன. ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. விலையோ எளியவர்க்கு எட்டாதது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்தபோது நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களுக்குக் குறைந்தது 26.4 விழுக்காடு. எடை பெரிதாக இறங்காமலேயே இப்பயன் கிட்டியது என்பதுதான் மனங்கொள்ளத்தக்கது. எடைப்பொறியின் முள் அசையவில்லையே என்று சோர்ந்து முயற்சியைக் கைவிடுவோர் இதை நினைவிற்கொள்ளவேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலைக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும் அங்கே தீர்மானம் போடுகிறோம். விரும்பும் அட்டைதாரர்க்கு 2 கிலோ அரிசிக்கு ஈடாகக் கொள்ளோ பயறோ வழங்கவேண்டும். பள்ளி வாயிலின் 50 மீட்டர் விதியை நடைமுறைப்படுத்தவேண்டும். மலையில் உமி நீக்கும் பொறிகள் பழுதின்றி ஓடவேண்டும் என்ற மூன்றையும் அடுத்த கூட்டத்தில் முன்மொழியுங்கள். எழுந்து பேசக் கூசுவோர் எழுதியே கொடுக்கலாம். தீர்மானத்தின் படியொன்றை வட்ட வழங்கல் அலுவலருக்கும், திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.